ஒரு நொடி மறதியும் நம் கைத் தராசும்



விளையாட்டுக் களங்களில் பெரும் வீரர்கள் செய்த மடத்தனமான தவறுகளைத் தொகுத்து, சிரிப்பொலியும் சேர்த்துப் பரப்பப்படும் காணொளிகள் இன்று நம் பிள்ளைகளின் கைபேசிகளில் நிறைந்து கிடக்கின்றன. வெல்ல வேண்டிய ஆட்டத்தை ஒரு நொடி மறதியால் இழந்தவர், இலக்கை மறந்து எதிர்த்திசையில் ஓடியவர், கைக்கு வந்த பந்தைத் தானே நழுவ விட்டவர் என அந்தத் தொகுப்புகள் நீள்கின்றன. அவற்றைப் பார்த்துச் சிரிப்பதில் என்ன தவறு என்று சிலர் கேட்கலாம். சிரிப்பை மட்டும் வைத்து நாம் இதை எழுதவில்லை. பிறருடைய தவறை நாம் எந்தத் தராசில் நிறுக்கிறோம் என்பதே நம் கேள்வி. களத்தில் நிற்கும் வீரரை நிறுக்கும் அதே தராசில்தான் நம் வீட்டுப் பிள்ளையையும், மத்ரஸா மாணவனையும், ஜமாஅத்தின் சாதாரண உறுப்பினரையும் நாம் நிறுக்கிறோம்.

மார்க்கம் பேசும் இடத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று எண்ண வேண்டியதில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காலத்தில் குதிரைப் பந்தயமும் அம்பெய்தலும் ஓட்டப் போட்டியும் இருந்தன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபியவர்கள் ஓடியதும், ஒருமுறை அன்னையார் முந்தியதும், மறுமுறை நபியவர்கள் முந்தியதும் நாம் அறிந்த செய்தி. நபியவர்களின் ‘அள்பா’ என்னும் ஒட்டகம் பந்தயத்தில் எவராலும் முந்தப்படாததாக இருந்தது. ஒரு கிராமவாசியின் ஒட்டகம் அதை முந்தியபோது தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்த எதையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தை அப்போது நபியவர்கள் அவர்களுக்கு உணர்த்தினார்கள். ஒரு பந்தயத் தோல்வி அங்கே ஈமானின் பாடமாயிற்று. அதே கண்ணோடு விளையாட்டு வரலாற்றின் சில நிகழ்வுகளை நாமும் பார்ப்போம்.

ஷரீஅத் தந்த அளவுகோல்

மனிதனிடம் நிகழும் பிழைகளை நம் ஃபிக்ஹு நூல்கள் ஒரே குவியலாகக் கொட்டுவதில்லை. மறதி வேறு, தவறுதல் வேறு, வேண்டுமென்றே செய்தல் வேறு. நோன்பாளி மறந்து உண்டால் அவருடைய நோன்பு முறியாது. அல்லாஹ்வே அவருக்கு உணவளித்தான் என்றே நபிமொழி அதைக் குறிப்பிடுகிறது. அதே நோன்பாளி அறிந்தே உண்டால் அது பாவம். கையில் இருந்த உணவு ஒன்றுதான். உள்ளத்தின் நிலை வேறு. மறந்தாலோ தவறினாலோ எங்களைப் பிடித்துவிடாதே என்று இறைஞ்சும்படி சூரத்துல் பகராவின் இறுதியில் நமக்குக் கற்றுத்தரப்பட்டுள்ளது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு களத்துக்குச் செல்வோம்.

முடியுமுன் முடிந்துவிட்டது என எண்ணுதல்

2006ஆம் ஆண்டு இத்தாலியின் டூரின் நகரக் குளிர்கால ஒலிம்பிக்கில் ‘ஸ்னோபோர்டு கிராஸ்’ என்னும் பனிச்சறுக்குப் பந்தயம் முதன்முறையாக இடம்பெற்றது. பெண்கள் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் லிண்ட்சி ஜேக்கபெல்லிஸ் மற்றவர்களை வெகு தூரம் பின்தள்ளி முன்னே சென்றுகொண்டிருந்தார். எல்லைக்கோட்டுக்கு முன் எஞ்சியிருந்தவை இரண்டே தாவல்கள். அந்நேரத்தில் காற்றில் பறந்தபடி பலகையைக் கையால் பிடித்து ஓர் அலங்கார வித்தை காட்டினார். பந்தயத்துக்குத் தேவையே இல்லாத வித்தை அது. இறங்கும்போது நிலைதடுமாறி விழுந்தார். சுவிட்சர்லாந்தின் தான்யா ஃப்ரீடன் அவரைக் கடந்து சென்று தங்கம் வென்றார். ஜேக்கபெல்லிஸுக்குக் கிடைத்தது வெள்ளி.

கிரிக்கெட் ரசிகர்கள் மறக்காத இன்னொன்று 1999 உலகக் கோப்பையில் நடந்தது. ஜூன் 13 அன்று ஹெடிங்லி மைதானத்தில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் மோதின. தோற்றால் ஆஸ்திரேலியா வெளியேற வேண்டும் என்ற நிலை. ஆஸ்திரேலிய அணித்தலைவர் ஸ்டீவ் வா 56 ரன்கள் எடுத்திருந்தபோது கொடுத்த எளிய கேட்ச் ஹெர்ஷல் கிப்ஸின் கைகளுக்குள் வந்து சேர்ந்தது. பந்து முழுமையாகத் தம் பிடிக்குள் அடங்குமுன் அதை மேலே வீசி மகிழ முயன்றார் கிப்ஸ். பந்து நழுவி விழுந்தது. ஸ்டீவ் வா 120 ரன்களோடு ஆட்டமிழக்காமல் நின்று அணியை வெற்றி பெறச் செய்தார். நான்கு நாட்களுக்குப் பின் அரையிறுதியில் அதே இரு அணிகளும் தலா 213 ரன்கள் எடுத்துச் சமநிலை அடைந்தன. முந்தைய சுற்றின் பட்டியலில் மேலே இருந்த காரணத்தால் ஆஸ்திரேலியா இறுதிக்குச் சென்று கோப்பையையும் வென்றது. அன்று ஹெடிங்லியில் சதமடித்தவரும் இதே கிப்ஸ்தான் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

‘முடிந்துவிட்டது’ என்ற எண்ணம் மனித இயல்பில் ஊறியது. ஸஹாபாக்களை விளையாட்டு வீரர்களோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று; ஆயினும் உஹுதுக் களத்தின் பாடத்தை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியாது. அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் மலைக்கணவாயில் நிறுத்தப்பட்ட வில்வீரர்களுக்கு, எது நேர்ந்தாலும் இடத்தை விட்டு அகலக் கூடாது என்ற கட்டளை இருந்தது. எதிரிகள் பின்வாங்குவதைக் கண்டு போர் முடிந்ததாக எண்ணிப் பெரும்பாலோர் கீழே இறங்கினர். பின்புறமிருந்து தாக்குதல் வந்தது. அதன் விலையை உம்மத் இன்றுவரை நினைத்து வருந்துகிறது. ரமளானின் கடைசிப் பத்திலேயே கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுகிற நமக்கும் இதில் பாடமுண்டு. செயல்கள் அவற்றின் முடிவைக் கொண்டே கணிக்கப்படுகின்றன என்பது நமக்குப் போதிக்கப்பட்ட ஒன்று.

உறுதிசெய்யாமல் நம்புதல்

2003 உலகக் கோப்பையில் போட்டியை நடத்திய நாடான தென்னாப்பிரிக்கா, மார்ச் 3 அன்று டர்பனில் இலங்கையை எதிர்கொண்டது. மழை வரும் நிலை. ஆட்டம் நின்றால் எத்தனை ரன்கள் இருக்க வேண்டும் என்ற டக்வொர்த்–லூயிஸ் கணக்கு களத்திலிருந்த மார்க் பவுச்சருக்குச் சொல்லியனுப்பப்பட்டது. 45 ஓவர்கள் முடிவில் 229 என்றிருந்தது அந்தக் கணக்கு. முத்தையா முரளிதரன் வீசிய 45ஆவது ஓவரின் ஐந்தாம் பந்தை பவுச்சர் சிக்ஸராக அடித்ததும் ஸ்கோர் 229 ஆயிற்று. வெற்றி உறுதி என நம்பி, கடைசிப் பந்தை ரன் எதுவும் எடுக்காமல் தடுத்து ஆடினார். மழை கொட்டியது; ஆட்டம் நின்றது. ஆனால் 229 என்பது சமநிலைக்கான எண். வெல்ல 230 தேவை. ஒரேயொரு ரன்னால் தென்னாப்பிரிக்கா தன் சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து வெளியேறியது. அணித்தலைவர் ஷான் பொல்லாக் தலைமைப் பதவியையும் இழந்தார்.

பவுச்சர் சோம்பியவரா? இல்லை. திறமையற்றவரா? சற்றுமுன்தான் சிக்ஸர் அடித்தவர். தமக்கு வந்த செய்தியைச் சரிபார்க்காமல் ஏற்றார்; அவ்வளவே. கிடைத்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் நம்மைப் பணிக்கிறான். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரியை நம்பி ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்கிவிட்டு, பிறகு அது பொய்யென்று தெரிந்ததும் மௌனமாகிவிடுகிற நாம், அந்த ஆட்டக்காரரைப் பார்த்துச் சிரிக்கத் தகுதியுடையவர்களா? அவர் இழந்தது ஒரு கோப்பை. நாம் இழக்கவைப்பது ஒரு மனிதரின் மானம்.

குறி சரி, இலக்கு தவறு

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கத் துப்பாக்கி வீரர் மேத்யூ எம்மன்ஸ் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் முன்னணியில் இருந்தார். எஞ்சியிருந்தது ஒரே ஒரு குண்டு. சாதாரணமாகச் சுட்டாலும் தங்கம் அவருக்கே. நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு இலக்கைத் துளைத்தது. ஆனால் அது பக்கத்துப் பாதை வீரருக்கு உரிய இலக்கு. மதிப்பெண் பூஜ்யம். முதலிடத்திலிருந்து எட்டாமிடத்துக்கு இறங்கினார்.

நிய்யத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது இதைவிடத் தெளிவான உவமை கிடைப்பது அரிது. கை நடுங்கவில்லை, கண் பிசகவில்லை. திரும்பிய திசை மட்டும் மாறிவிட்டது. அழகான கிராஅத், நேர்த்தியான சொற்பொழிவு, தாராளமான தர்மம் ஆகிய அனைத்தும் இருந்து, அவை மக்களின் பாராட்டை நோக்கித் திரும்பியிருந்தால் மறுமையின் ஏட்டில் என்ன பதிவாகும்? எம்மன்ஸ் அறியாமல் இலக்கு மாறினார். நாம் பல வேளைகளில் அறிந்தே மாறுகிறோம்.

மறதியும் கோபமும் ஒன்றல்ல

இனி வேறு வகையைச் சேர்ந்த ஒரு நிகழ்வு. 2006 ஜூலை 9 அன்று பெர்லினில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி. அல்ஜீரியப் பெற்றோருக்கு பிரான்ஸில் பிறந்த ஜினடின் ஜிடேனின் கடைசி ஆட்டம் அது. கூடுதல் நேரத்தின் 110ஆவது நிமிடத்தில், தம் சகோதரியைப் பற்றி இழிவாகப் பேசிய இத்தாலிய வீரர் மாட்டராஸியின் மார்பில் தலையால் முட்டினார். சிவப்பு அட்டை காட்டப்பட்டு வெளியேறினார். ஆட்டம் பெனால்ட்டி உதைகளுக்குச் சென்று இத்தாலி 5–3 என வென்றது.

இதையும் ‘ஒரு நொடித் தவறு’ என்ற பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். நாம் இதை ஏற்கவில்லை. கிப்ஸும் பவுச்சரும் எம்மன்ஸும் தாம் செய்வது தவறென அறியாமல் செய்தவர்கள். ஜிடேனின் செயல் கோபத்தில் பிறந்தது. செய்யும்போதே செய்வது இன்னதென அறிந்த செயல். மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவனைவிடக் கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்பது நபியவர்களின் போதனை. ஆயினும் நம் இளைஞர்களில் பலர் அந்தச் செயலை ‘ரோஷம்’ என்று புகழக் கேட்டிருக்கிறோம். சீண்டியவர் குற்றவாளிதான், அதனால் முட்டியது சரியாகிவிடாது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், நமக்குப் பிடித்தவர் என்பதற்காகத் தராசின் முள் சாயுமானால் அது நீதியின் தராசன்று. கேட்ச் விட்டவருக்கு ஏளனம், கோபத்தில் முட்டியவருக்குப் புகழாரம் என்றால், ஷரீஅத் தந்த அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்றே பொருள்.

விழுந்தவரைச் சுற்றி நின்றவர்கள்

1908 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் நடந்த ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் ஃப்ரெட் மெர்க்கிள் என்ற 19 வயது இளைஞர், தம் அணி வெற்றி ஓட்டத்தைப் பெற்றுவிட்டதாக எண்ணி, தொட வேண்டிய இரண்டாம் தளத்தைத் தொடாமலே களத்தை விட்டு ஓடினார். விதிப்படி வெற்றி செல்லாமற்போய் ஆட்டம் சமநிலையென அறிவிக்கப்பட்டது. மறுபடி நடத்திய ஆட்டத்தில் அவருடைய அணி தோற்று, அப்பருவத்தின் பட்டத்தை இழந்தது. அக்காலத்து ஆட்டக்காரர்கள் பலரும் அப்படித்தான் ஓடுவது வழக்கம். ஆயினும் ‘மரமண்டை’ என்ற பொருளுடைய பட்டப்பெயர் அந்த இளைஞர்மீது ஒட்டப்பட்டு, அவர் ஆயுள் முழுவதும் உதிரவே இல்லை. ஒருவரையொருவர் பட்டப்பெயரால் அழைக்காதீர்கள் என்று இறைமறை தடுத்ததன் ஆழம் இங்கே விளங்கும். ஒரு நொடியை ஒருவரின் பெயராக மாற்றிவிடுவது சிறிய அநியாயமன்று.

இதற்கு மாறான ஒரு நிகழ்வும் உண்டு. 1929 ஜனவரி 1 அன்று பாசடீனாவில் நடந்த ரோஸ் போல் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில் கலிஃபோர்னியா அணியின் ராய் ரீகல்ஸ், எதிரணி நழுவவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு, திசை குழம்பித் தம் சொந்த எல்லையை நோக்கியே 60 கெஜத்துக்கும் மேல் ஓடினார். அவருடைய தோழர் பென்னி லோம் கத்திக்கொண்டே பின்னால் ஓடி, எல்லைக்கோட்டின் அருகே அவரைப் பிடித்து நிறுத்தினார். அதன் தொடர்ச்சியாக எதிரணிக்கு இரண்டு புள்ளிகள் கிடைத்தன. ஆட்டம் 8–7 எனத் தோல்வியில் முடிந்தது. இடைவேளையில் ரீகல்ஸ் அழுதுகொண்டிருந்தார். பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ் அவரை ஒதுக்கவில்லை. முற்பாதியில் ஆடியவர்களே பிற்பாதியையும் தொடங்குவார்கள் என அறிவித்தார். ஆட்டத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது என்று சொல்லி அவரைக் களத்துக்கு அனுப்பினார். ரீகல்ஸ் பிற்பாதியில் சிறப்பாக ஆடினார். அடுத்த பருவத்தில் அவரே அணித்தலைவர்.

2012 டிசம்பரில் ஸ்பெயினின் நவாரா பகுதியில் நடந்த ஓட்டப் பந்தயம் இதைவிட உயர்ந்த காட்சியைத் தந்தது. முதலில் வந்த கென்ய வீரர் ஆபெல் முத்தாய், எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டதாக எண்ணிச் சில மீட்டர்களுக்கு முன்பே நின்றுவிட்டார். பின்னால் வந்த ஸ்பானிய வீரர் இவான் ஃபெர்னாண்டஸ் அனாயா எளிதாக முந்தியிருக்கலாம். அவரோ சைகை காட்டி, முத்தாயை எல்லை வரை நடத்திச் சென்று, தாம் இரண்டாவதாகவே வந்தார். ஈமானின் போதனை பெறாத களத்தில் இத்தகைய பண்பு மலருமானால், அப்போதனை பெற்ற நம்மிடம் எவ்வளவு எதிர்பார்க்கப்படும்!

நம் தொழுகையைப் பாருங்கள். இமாம் ஓதும்போது தடுமாறினால் பின்னால் நிற்பவர் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்கிறார். ரக்அத்தில் பிசகினால் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்கிறார். தவறைத் திருத்தும் சொல்லாக அல்லாஹ்வின் துதியையே நமக்குக் கற்றுத்தந்துள்ளார்கள். நபியவர்களே ஒருமுறை இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துவிட்டபோது, துல்யதைன் (ரலி) எழுந்து, தொழுகை சுருக்கப்பட்டதா, மறந்துவிட்டீர்களா எனப் பணிவோடு கேட்டார். நபியவர்கள் மற்றவர்களிடம் விசாரித்து, எஞ்சியதைத் தொழுது, மறதிக்கான இரண்டு ஸஜ்தாக்களைச் செய்தார்கள். எவரும் எவரையும் நொந்துகொள்ளவில்லை.

நம் தராசு எங்கே சாய்ந்திருக்கிறது?

இனி நம் பக்கம் திரும்புவோம். பட்டமளிப்பு விழா மேடையில் ஒரு ஹாஃபிழ் மாணவன் பழகிய பக்கத்திலேயே தடுமாறி நின்றுவிடுகிறான். ஒத்த இரண்டு வசனங்கள் அவன் மனத்தில் கலந்துவிட்டன. ஹிஃப்ழு வகுப்பில் பணியாற்றும் எவரும் நாள்தோறும் காணும் நிகழ்வு அது. ஆனால் சபையில் சிரிப்பு எழுகிறது. யாரோ பதிவு செய்கிறார். அன்றிரவே அது குழுக்களில் சுற்றுகிறது. பொதுத்தேர்வில் வினாத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மறந்த பெண்பிள்ளையை உறவினர் கூடும் ஒவ்வொரு விருந்திலும் அதைச் சொல்லியே குத்துகிறோம். அதே வேளையில், அறிந்தே வரதட்சணை வாங்கியவர் மேடையின் முன்வரிசையில் அமர்கிறார். கடனை வேண்டுமென்றே இழுத்தடிப்பவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். கோபத்தில் மனைவியை அடித்தவரை ‘கொஞ்சம் முன்கோபி, மற்றபடி நல்லவர்’ என்கிறோம்.

மறதிக்குக் கடுமை, அறிந்து செய்யும் அநீதிக்கு மென்மை என்பதே இன்று நம் நடைமுறை. மார்க்கம் கற்பித்த வரிசை இதற்கு நேர்மாறானது.

தவறை இப்படி இலகுவாக விட்டால் பிள்ளைகள் அலட்சியமாகிவிட மாட்டார்களா என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஷரீஅத் மறதியை மன்னிக்கிறது. மறந்ததை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. மறந்த தொழுகையை நினைவு வந்ததும் தொழ வேண்டும். பிசகிய தொழுகைக்கு ஸஜ்தா ஸஹ்வு உண்டு. தவறுதலாக உயிரிழப்பு நேர்ந்தாலும் ஈட்டுத்தொகையும் பரிகாரமும் கடமையாகின்றன. பழி நீங்கும், பொறுப்பு நீங்காது. ஆகவே தடுமாறிய மாணவனை அந்தப் பக்கத்தை மறுபடி ஓதச் சொல்வோம், பத்துமுறை வேண்டுமானாலும் சொல்வோம். அவனை அவமானப்படுத்துவது மட்டும் அந்தப் பரிகாரத்தில் எங்கும் இல்லை. தொழுகைக்குள் அறியாமல் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்களை நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை, ஏசவில்லை. தொழுகை எதற்குரியது என்று விளக்கினார்கள். அவரைவிடச் சிறந்த ஆசிரியரைக் கண்டதில்லை என்று அத்தோழர் பிற்பாடு கூறியது ஆசிரியப் பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் நெஞ்சில் பதிக்க வேண்டியது.

உஹுதில் இடம் பெயர்ந்தவர்கள் விஷயத்திலும் அல்லாஹ் தன் தூதருக்குக் கட்டளையிட்டது எது? அவர்களை மன்னிக்கவும், அவர்களுக்காகப் பிழைபொறுக்கத் தேடவும், காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்கவும் பணித்தான். மன்னிப்போடு ஆலோசனைச் சபையின் இடமும் திரும்பக் கிடைத்தது. நாம் மன்னித்தாலும் அந்த இடத்தைத் திருப்பித் தருவதில்லை.

எனவே நாம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். மத்ரஸா, பள்ளிவாசல் மேடைகளில் தடுமாறும் பிள்ளைகளின் காட்சிகளைப் பதிவு செய்வதையும் பகிர்வதையும் ஜமாஅத் நிர்வாகங்கள் தடுக்கட்டும். ஒரு பிழையைப் பட்டப்பெயராக்கி அழைக்கும் வழக்கத்தைப் பெற்றோர் தம் வீட்டிலேயே நிறுத்தட்டும். தடுமாறிய பிள்ளைக்கு அடுத்த நிகழ்ச்சியிலேயே மறுபடி ஓதும் வாய்ப்பை உஸ்தாதுமார்கள் வழங்கட்டும்.

2006இல் விழுந்த லிண்ட்சி ஜேக்கபெல்லிஸ் அதன்பின் வந்த மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் பெறவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய விழுகையே அவர் முன் காட்டப்பட்டது. 2022இல் பெய்ஜிங்கில், தம் 36ஆவது வயதில், அதே பந்தயத்தில் தங்கம் வென்றார். சில நாட்களில் கலப்பு அணிப் போட்டியிலும் வென்றார். பதினாறு ஆண்டுகள் காத்திருந்து எழ அவரால் முடிந்தது. நம் வகுப்பறைகளில் ஒரேயொரு சிரிப்பொலியில் குர்ஆனை மூடிவைத்துவிட்டுச் சென்ற பிள்ளைகள் எத்தனை பேரோ, அல்லாஹ்வே அறிவான். அப்பிள்ளைகளைப் பற்றி மறுமையில் நம்மிடமே கேட்கப்படும்.

வல்ல ரஹ்மான் நம் மறதிகளையும் தவறுதல்களையும் பிழைபொறுப்பானாக! அறிந்து செய்யும் அநீதிகளிலிருந்து நம்மைக் காப்பானாக! விழுந்தவருக்கு அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்கும் நல்ல மஃமூம்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.